மருமகளின் ரத்தம் எட்டிலிருந்து பத்தரைக்கு ஏறிய விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையுடன் எழுதுகிறேன். நாங்களும் நலமே. எந்த அளவுக்கு நலம் என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

போன வாரம் தாங்கள் தொலைபேசியில், "என்ன சம்பந்தி, போட்டோவுல பொண்ணு இளைச்ச மாதிரி இருக்காளே" என்று கேட்டபோது, "வெளிச்சம் அப்படி" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது வெளிச்சமல்ல. உண்மையை எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இரண்டு மாதத்துக்கு முன், மருமகளுக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, சுகாதார நிலையத்து நர்ஸம்மா தோளில் ஒரு பையோடு வீட்டுக்கு வந்தார். மருமகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார், கையடக்கக் கருவியில் ஹீமோகுளோபின் எட்டு என்று வந்தது. பதினொன்றுக்குக் குறையக் கூடாதாம். "இந்த வீட்டுல கடைசியா சாப்பிடறது யாரு சார்?" என்று கேட்டார். நான் பெருமையாக, "மருமகதாம்மா. எல்லாருக்கும் போட்டுட்டு, மிச்சம் மீதி இருந்தாத்தான் சாப்பிடுவா. சொக்கத் தங்கம்" என்றேன். நர்ஸம்மாவின் பேனா நின்றது. "தங்கத்துக்கு ரத்தம் வேண்டாம் சார், இவங்களுக்கு வேணும். இப்படியே போனா பிரசவத்துல தாங்க மாட்டாங்க, குழந்தையும் எடை குறைஞ்சு பொறக்கும்" என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. மகன் தலையைக் குனிந்துகொண்டான். என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்கு ஒரு வீட்டை ஒழுங்குபடுத்தத் தெரியாதா? அன்று மத்தியானமே சட்டம் போட்டேன்: மருமகள் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள். அவளை மேசையில் உட்கார வைத்து, கீரை, பருப்பு, முட்டை என்று எல்லாவற்றையும் முன்னால் வைத்து, நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம். ஒவ்வொரு வாய்க்கும் நான் பழக்கதோஷத்தில் "போலாம் ரைட்" என்றேன். நாலாவது வாயில் அவளுக்குப் புரையேறி, கண்ணில் நீர் வந்து, "மாமா, மூணு பேரும் பாத்துட்டே நின்னா எனக்கு எப்படி இறங்கும்? நீங்களும் உக்காருங்களேன்" என்றாள். அன்றிலிருந்து நால்வரும் ஒன்றாக உட்காருகிறோம், முட்டை மட்டும் முதலில் அவள் தட்டுக்குப் போகிறது.

அடுத்து டீ. இரும்புச்சத்து மாத்திரையோடு டீ குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது என்று நர்ஸம்மா சொன்னதை நான் அரைகுறையாகக் காதில் வாங்கி, வீட்டிலிருந்த டீத்தூளை டப்பாவோடு பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். மகனுக்கு டீக்கடையே கதியாயிற்று. என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்குப் போய், எங்கள் டீயையே விருந்தாளியாக உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தாள். நர்ஸம்மாவிடம் முறையிட்டேன். "மாத்திரை போடற நேரத்துல மட்டும் இவங்க டீ குடிக்க வேண்டாம்னுதான் சொன்னேன். உங்க வீட்டம்மா என்ன சார் பாவம் பண்ணாங்க?" என்றார்.

இதற்கிடையில் கர்ப்பிணிகளுக்கு ஒரு வகுப்பு. மகனுக்கு வேலை நேரம் என்பதால் துணைக்கு நான் போனேன். பெஞ்சில் பதினோரு கர்ப்பிணிகள், நடுவில் நான். எனக்கும் வயிறு இருப்பதால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. "ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணிகூட வேண்டாம். அதுக்கப்புறம் கூட என்ன கொடுக்கலாம்? சார் சொல்லுங்க" என்றார் நர்ஸம்மா. "பருப்புத் தண்ணி" என்றேன். "அப்ப பருப்ப யாரு சாப்பிடுவா?" என்றார். "நான்" என்றேன். பதினோரு பேரும் சிரித்ததில் பெஞ்சே ஆடியது. பிறகு சோற்றையும் பருப்பையும் மசித்து, கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, என்னையும் செய்யச் சொன்னார். நான் சற்று அதிகமாகவே சாய்த்துவிட்டேன், அத்தனையும் என் பேண்டில். பக்கத்திலிருந்த பெண் கைக்குட்டையை நீட்டி, "கவலைப்படாதீங்கப்பா, முதல் பிரசவம்னா அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

நேற்று நர்ஸம்மா மறுபடி வந்து விரலில் குத்தினார். பத்தரை. மருமகள் கருவியைக் கையில் வாங்கி, எண்ணைத் தானே இரண்டு தடவை படித்தாள். "இன்னும் ஒரு மாசம் இருக்கு, பதினொன்ன தொட்டுடலாம்" என்றார் நர்ஸம்மா. தம்பட்டம் என்று தாங்கள் நினைக்கக் கூடாது, ஆனால் இத்தனையும் நான் ஒருவனாக நின்று நடத்தியது. அன்றைக்கு நான் விழித்துக்கொள்ளாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நடுங்குகிறது. ஆகையால் தாங்கள் நிம்மதியாக இருக்கலாம், தங்கள் மகள் சரியான கையில் இருக்கிறாள்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நர்ஸம்மா தானா வந்தாங்கன்னா நெனச்சீங்க?" என்றாள். மருமகள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதைப் பார்த்து, இவள்தான் சுகாதார நிலையத்துக்குப் போய் அவரை வரவழைத்திருக்கிறாள். கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று என் முன்னால் கேட்கச் சொன்னதும் இவளேதான். "என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றேன். "நம்ம பையன் ரெண்டு கிலோகூட இல்லாம பொறந்தப்பவே, நான் கடைசியா மிச்சத்தைச் சாப்பிட்டதாலதான்னு சொன்னேன். 'உங்க வம்சமே ஒல்லி'ன்னு சொல்லிட்டு நீங்க டூட்டிக்குப் போயிட்டீங்க" என்றாள். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதப் போனேன், "அப்படியே அனுப்புங்க, சம்பந்தியும் தெரிஞ்சுக்கட்டும்" என்கிறாள். ஆகவே மேலே பெருமைக்குரிய இடங்களில் வரும் 'நான்' என்பதை அடித்துவிட்டு, 'உங்கள் சம்பந்தியம்மாள்' என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.