சத்தத்துக்கு வாரண்டி இல்லை

"சார், நாலு பேர் ஓட்டிப் பாத்துட்டாங்க. எந்தச் சத்தமும் இல்ல" என்றாள் சர்வீஸ் சென்டர் கவுண்டரில் இருந்த பெண்.

"இல்லன்னா? அப்ப எனக்குத்தான் காதுல கோளாறா?"

"காது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல சார்."

மூன்றாவது தடவையாக வந்திருந்த அந்தப் பிரிவு அதிகாரிக்கு அவர் ஆபீஸில் 'ஷரத்து சார்' என்று பெயர். முகத்துக்கு நேராக அல்ல. ஓய்வூதிய மனுக்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. சரிபார்ப்பது என்றால் திருப்பி அனுப்புவது. எதிரே வந்து நிற்கும் ஆளிடமே, உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி கேட்பார். "மனசு வைங்க ஐயா" என்று கெஞ்சினால், "மனசுக்கு ஷரத்து இல்ல" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

ஆறு மாதம் முன்பு அவர் காரின் எஞ்சின் படுத்துவிட்டது. விடுவாரா? கம்பெனிக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடும்வரை கடிதம் எழுதி, அவர்கள் செலவிலேயே புது எஞ்சின் போட வைத்தார். அதற்குத் தனியாக ஓராண்டு வாரண்டி, முப்பத்தொரு ஷரத்துகள். காதல் கடிதம் வந்தவரைப்போல அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பதினாலாவது ஷரத்து சொன்னது: 'ஆவணங்கள் அனைத்தும் எந்நேரமும் வாகனத்தில் இருத்தல் வேண்டும்.'

அன்றே ஒரு தகரப் பெட்டி வாங்கினார். பக்கவாட்டில் இரும்புக் கைப்பிடி. முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் அதை வைத்தார். கல்யாணமான நாள் முதல் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனைவிக்குக் கால் வைக்க இடமில்லாமல் பின்சீட்டுக்கு மாற்றலாயிற்று.

"டிக்கியில வைக்கலாமேங்க?"

"கிரீஸ் படும். கறை பட்ட ஆவணம் செல்லாது."

அந்த வாரமே சத்தம் ஆரம்பித்தது. வண்டி குலுங்கினால் முன்னாலிருந்து 'டொக்'.

"கேட்டியா? புது எஞ்சின் அடிக்குது!"

"எனக்கென்னமோ அது..."

"பின்சீட்ல உக்காந்துகிட்டு எஞ்சினைப் பத்திப் பேசாத."

சர்வீஸ் சென்டருக்குப் போனார். பெட்டியைக் குழந்தையைப்போல இடுப்பில் அணைத்துக்கொண்டு கவுண்டருக்கு நடந்தார். அவர்கள் காரை எடுத்து ஒரு சுற்று ஓட்டினார்கள். சத்தமில்லை. பெட்டியோடு திரும்பி ஏறினார். முதல் வேகத்தடையிலேயே 'டொக்'.

"நான் ஓட்டினா மட்டும் அடிக்குதே!"

"எஞ்சினுக்கும் உங்களைப் பத்தித் தெரிஞ்சிருக்கும்" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

இரண்டாம் முறை, புகாரை இணைப்புகளோடு மூன்று பிரதிகளாகக் கேட்டார்கள். அவருக்கு ஒரே குஷி. தனக்கென்று நாலாவதும் ஐந்தாவதும் எடுத்தார். தாள்கள் பெருகின, பெட்டி போதவில்லை. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த பெரிய பெட்டி வந்தது. கார் இப்போது 'டொக்-டொக்' என்றது.

"பாத்தியா? வியாதி முத்துது" என்றார், ஒருவிதத் திருப்தியோடு.

மூன்றாம் முறைதான் இப்போது. கவுண்டர்ப் பெண் நிதானமாகச் சொன்னாள்: "எங்களுக்குக் கேக்காத சத்தத்தை நாங்க எழுதிக்க முடியாது சார். தகுதியுள்ள மெக்கானிக் யார்கிட்டயாவது எழுதி வாங்கிட்டு வாங்க. ஷரத்து இருபத்திரண்டு."

ஷரத்து எண்ணைச் சொல்லிப் பேசும் பெண். தனக்கு இப்படி ஒரு மகள் இல்லையே என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

நேராகத் தெருமுனை மெக்கானிக்கிடம் போனார். பின்சீட்டில் ஏறி ஒரு சுற்று வந்த மெக்கானிக், "ஆமா சார், நல்லாவே அடிக்குது" என்றார்.

"அதை அப்படியே எழுதிக் குடுங்க."

"திறந்து பாக்காம எப்படி எழுதுறது? என் கையெழுத்துக்கு ஒரு மரியாதை வேணாமா?"

ஷரத்து சார் தலையாட்டினார். ஆபீஸில் அவருடைய வாதமே அதுதான். மெக்கானிக் எஞ்சினைத் திறந்தார். கம்பெனி வைத்த சீல் பட்டென்று தெறித்தது. எஞ்சின் உட்காரும் ரப்பர்களை மாற்றி, பழையவற்றை, எண்ணெய் சொட்டச் சொட்ட, பின்சீட்டில் போட்டார். "சாட்சிக்கு இருக்கட்டும்." சத்தம் போகவில்லை. கடிதம் மட்டும் வந்தது.

மறுநாள் கவுண்டர்ப் பெண் கடிதத்தைப் படித்தாள். எழுந்துபோய்க் காரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சீல் உடைஞ்சிருக்கே சார்."

"நிரூபிக்கத்தான் உடைச்சோம்."

"ஷரத்து ஒன்பது. வெளியாள் கை வச்சா வாரண்டி ரத்து."

"நீதானேம்மா எழுதி வாங்கிட்டு வரச் சொன்ன?"

"எழுதி வாங்கத்தான் சொன்னேன். திறக்கச் சொல்லல."

"நாளைக்கே எஞ்சின் போனா முழுச் செலவும் என் தலையில விழுமே! கொஞ்சம் மனசு வைம்மா."

"மனசுக்கு ஷரத்து இல்ல சார்."

ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லிப் பழகிய வாக்கியத்தைக் காதால் கேட்பது அவருக்கு அதுவே முதல் தடவை. அவள் 'ரத்து' முத்திரையை ஒவ்வொரு பிரதியிலும் கோணாமல் குத்தினாள். ஐந்தாவது பிரதியையும் விடவில்லை.

வேலை முடிந்து நேராக அங்கே வந்திருந்த மனைவி, பின்சீட்டில் கிடந்த எண்ணெய் ரப்பர்களைப் பார்த்துவிட்டு முன்சீட்டில் ஏறினாள். கால் வைக்க இடம் வேண்டுமே. பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முதல் வேகத்தடை வந்தது. சத்தமில்லை. இரண்டாவதிலும் இல்லை. அவருக்கு வியர்த்தது. ஒரு பள்ளத்தைத் தேடிப் பிடித்து வேண்டுமென்றே இறக்கினார். கார் கப்சிப்.

ஓரமாக நிறுத்தினார். "சத்தம்... சத்தம் எங்க போச்சு?"

மனைவி கைப்பிடிகளைத் தூக்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் தகரத்தின் மேல் விட்டாள்.

டொக்-டொக்.

"இதுவாங்க?"