முள்ளில்லாத சுண்டைக்காய்

சும்மா கிடைக்கிறது என்றால் என் மூளை உடனே லீவு போட்டுவிடும். அப்படியொரு லீவு நாளில்தான் அக்காவின் சம்பந்தத்தைக் குழம்பு வைத்துக் கெடுத்தேன்.

வசந்தி அக்காவுக்குக் குன்னூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. செந்தில் என்று பெயர், பேக்கரி வைத்திருந்தார். பெண் பார்த்து, போனில் பேசிப் பேசி, இருவருக்கும் பிடித்தும் போயிருந்தது. கல்யாணத் தேதி குறிக்க அவரும் அவர் அம்மாவும் அரவேணுவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு.

"சுண்டக்காய்க் கொழம்புன்னா அவருக்கு உசுரும்மா" என்றாள் அக்கா. (முகம் சிவந்ததை நான் கிண்டல் வேறு செய்தேன்.) அன்றைக்குப் பார்த்துக் கடையில் சுண்டைக்காய் இல்லை.

"நான் கொண்டாறேன்" என்று கிளம்பினேன். எஸ்டேட் வேலியோரம் ஆளுயரத்துக்கு மேல் ஒரு காட்டுச் செடி. கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய், அச்சு அசல் சுண்டைக்காய். ஆனால் செடியில் முள்ளே இல்லை. பூ வெள்ளையாக இல்லாமல் ஊதாவாக இருந்தது. இலை கம்பளி போல மெத்தென்று இருந்தது. குளிர் ஊராயிற்றே, செடியும் ஸ்வெட்டர் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (நான் படித்தது பி.எஸ்சி. தாவரவியல். வெளியே சொல்லிவிடாதீர்கள்.)

அம்மா காயை உருட்டிப் பார்த்தாள். "ஏன்டா, இது நம்ம சுண்டக்காயாட்டம் இல்லையே?"

"மலைச் சுண்டைம்மா. ஒசத்தி ரகம்."

பட்டதாரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று குழம்பு வைத்துவிட்டாள். விருந்தாளிக்கு முன்னால் ருசி பார்க்கும் பழக்கமும் அவளுக்கு இல்லை.

செந்திலின் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு மோருக்குப் போய்விட்டார்.

"கசக்குதுங்களா?" என்று அம்மா பதறினாள்.

"சுண்டக்காய்னா கசக்கத்தானுங்க செய்யும். நல்லாருக்குதுங்க" என்று செந்தில், அக்கா நின்ற கதவைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கரண்டி வாங்கினார்.

அவர்களை அனுப்பிவிட்டு நாங்கள் சாப்பிடத் தட்டு வைக்கும்போது போன் வந்தது. வழியெல்லாம் வாந்தி, செந்திலை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தச் செடியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் பார்த்த மாத்திரத்தில், "சுண்டைக்காய்க்குச் சொந்தந்தான் தம்பி, ஆனா விஷக்காய். இதப் போயா சமைச்சீங்க?" என்றார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த செந்தில் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "பரவால்ல தம்பி. கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் பிழைத்துக்கொண்டார். சம்பந்தம்தான் பிழைக்கவில்லை.

"உங்க மேல தப்பு சொல்லலீங்க. தேதி குறிக்க வந்த அன்னிக்கே இப்படின்னா, மனசு ஒப்பலீங்க" என்றார் அவர் அம்மா. செந்திலால் அந்தப் பேச்சைத் தாண்ட முடியவில்லை.

அக்கா என்னை நாலு அறை விட்டிருக்கலாம். "எனக்காகத்தானே போனே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழம்புச் சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தாள். வெகுநேரம் தேய்த்தாள்.

இப்போது அவள் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். மாமா நல்ல மனிதர். எந்த விசேஷமானாலும் பந்தியில் என் தோளைத் தட்டி, "மச்சான் மட்டும் அந்தக் கொழம்ப வெக்கலீன்னா எனக்குக் கண்ணாலமே ஆயிருக்காதுங்க!" என்று ஆரம்பித்துவிடுவார். பந்தியே குலுங்கிச் சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே, யாரும் கேட்காத தண்ணீரைக் கொண்டுவர உள்ளே போய்விடுவாள்.