ஞானத்தகப்பனும் சேர்வராயன் கோப்பையும்

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தவரே லாசர்தான். அதனால் வேறு யாரையும் திட்டக்கூட வழியில்லை.

மைத்துனன் சவரிராயனின் தலைச்சன் பிள்ளைக்கு லாசர்தான் ஞானத்தகப்பன். "உங்களுக்கு எந்த ஞாயித்துக்கெழமை தோதுப்படும் மச்சான்?" என்று அவன் கேட்டபோது, லாசர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தார். அது சேர்வராயன் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் ஆட்டப் பட்டியல். இறுதி ஆட்டம் ஆகஸ்டு பதினொன்று என்று போட்டிருந்தது.

"பதினெட்டு வெச்சுக்கலாம் மாப்பிள்ளை. சாயங்காலம் நாலு மணி" என்றார் லாசர்.

பதினோராம் தேதி கொட்டிய மழையில் மைதானத்தில் எருமைகள் இறங்கிப் படுத்துக்கொண்டன. ஆட்டம் தள்ளிப்போனது. பதினேழாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் அஸ்தம்பட்டி டீக்கடைச் சுவரில் புது நோட்டீஸ் ஒட்டினார்கள். பசை காய்வதற்குள் லாசர் அதை மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் அதேதான் இருந்தது.

"சேர்வராயன் கோப்பை இறுதி ஆட்டம். நாளை மாலை நாலரை மணி. அஸ்தம்பட்டி யுனைடெட் - ஓமலூர் வாலிபர் சங்கம்."

ஜவ்வரிசி ஆலையில் ஸ்டோர் கிளார்க்காக இருக்கும் ஒரு மனிதருக்குப் பந்தாட்டம் இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்கள் லாசரை அறியாதவர்கள். பதினேழு வருஷமாக, கல்யாண நாள் ஒன்றைத் தவிர, யுனைடெட் ஆடிய எந்த ஆட்டத்தையும் அவர் விட்டதில்லை. அந்தப் பதினேழு வருஷத்தில் யுனைடெட் ஒரு கோப்பையையும் தொட்டதில்லை. மூன்று முறை இறுதி ஆட்டம் வரை வந்து மூன்று முறையும் தோற்றது. கல்யாணப் பூசையில் சாமியார், "இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்று கேட்டபோது லாசர் பின்னால் திரும்பி நண்பனிடம், "எத்தனை கோல்?" என்று கேட்டார். அதை மனைவி இன்னாசிமேரி இன்னும் மறக்கவில்லை. லாசரும் மறக்கவில்லை. மூன்றுக்குப் பூஜ்யம், தோல்வி.

இந்த வருஷம் கதையே வேறு. முன்வரிசையில் நாச்சிமுத்து என்றொரு பையன் வந்திருந்தான். பந்து அவன் காலுக்கு வந்தால் லாசருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இந்த வருஷம் கோப்பை வராவிட்டால் இனி எப்போதும் வராது என்று லாசர் உறுதியாக நம்பினார்.

வீட்டுக்குப் போய் மெதுவாக ஆரம்பித்தார்.

"மேரி, ஞானத்தகப்பனா வேற ஆரையாச்சும் நிறுத்துனா என்ன?"

இன்னாசிமேரி பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி நின்றது.

"நாளைக்குப் பந்தாட்டமா?"

"சேச்சே! ஆரு சொன்னா?"

"பந்தாட்டமா இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. நீங்க மைதானத்துக்குப் போனீங்கன்னா, திரும்பி வாரப்ப நான் இந்த ஊட்டுல இருக்க மாட்டேன். என்ற தம்பி ஊட்டுக்குப் போயிருவேன்."

"பந்தாட்டமெல்லாம் இல்ல புள்ள. வயித்துவலி. காலையில இருந்தே சுருட்டிச் சுருட்டி இழுக்குது. நாளைக்குக் கோயில்ல நிக்க முடியுமான்னுதான்..."

"வயித்துவலியா? அதை ஏனுங்க அப்பவே சொல்லல?"

அவள் பாசமான மனைவி. உடனே எழுந்து போய் விளக்கெண்ணெய் கொண்டுவந்தாள். ஒரு கரண்டி இல்லை, அரை டம்ளர். மூக்கைப் பிடித்து ஊற்றிவிட்டு, "விடியறதுக்குள்ள சுத்தமாயிரும். தெம்பா வந்து பிள்ளையைத் தூக்கலாம்" என்றாள்.

விடிவதற்குள் சுத்தமாகிவிட்டது. ஞாயிறு காலைப் பூசைக்கு லாசர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனார்.

பூசை முடிந்ததும், கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் சவரியாரைத் தேடி, சாமியார் பங்களாவின் பின்பக்கம் ஓடினார். பங்குச் சாமியார் இந்த ஊருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இளைஞர். அவருடைய துணிகளை உபதேசியார் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை அங்கிகளுக்கு நடுவே ஒரு கறுப்பு அரைக்கால் சட்டை தொங்கியது. சாமியாருக்கு எதற்கு அரைக்கால் சட்டை என்று வேறொரு நாளாக இருந்தால் லாசர் கேட்டிருப்பார்.

"உபதேசியாரே, ஞானஸ்நானத்தை மூணு மணிக்கு வெச்சுக்க முடியுமா?"

"மூணு மணிக்குப் பிள்ளைங்களுக்கு ஞானோபதேசம் இருக்குதுங்களே. நாலுன்னா நாலுதான். நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க, கால் மணி நேரத்துல முடிஞ்சிரும். சாமிக்கும் அப்புறம் ஒரு சோலி இருக்குது. அட, நல்ல வேளை நீங்களே வந்தீங்க, உங்ககிட்ட ஒரு விசயம்..."

"அப்புறம் கேக்கறேன், அப்புறம் கேக்கறேன்" என்றார் லாசர். அவர் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நாலேகாலுக்குச் சடங்கு முடியும். ஆனால் அதற்குப் பிறகு மேளத்தோடு வீடு வரைக்கும் ஊர்வலம், ஸ்டூடியோக்காரர் படம் பிடிப்பது, வந்தவர்களுக்குப் பலகாரம். ஞானத்தகப்பன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார வேண்டும். ஆறு மணிக்கு முன்னால் விடமாட்டார்கள். ஆறு மணிக்குக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்!

ஞானஸ்நானமே தள்ளிப்போனால்தான் உண்டு. சாமியார் இல்லாவிட்டால் தள்ளிப்போகும். சாமியார் எப்போது இல்லாமல் போவார்?

லாசரின் வாய் மூளையைக் கேட்காமலே பேசிவிட்டது.

"உபதேசியாரே, ஓமலூர்ல என்ற அத்தை அந்தோணிமேரிக்கு ரொம்ப முடியல. அவஸ்தைப்பூசுதல் கொடுக்கணும்னு சாமிகிட்டச் சொல்லிருங்க."

சாகக் கிடப்பவர்களுக்குத்தான் அந்தக் கடைசி எண்ணெயைப் பூசுவார்கள். உபதேசியார் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். "இன்னைக்கேவா?"

"ராத்திரி தாங்காதுன்னு சொல்லியுட்டிருக்காங்க."

முழுப் பொய் இல்லை என்று லாசர் மனசாட்சியைத் தட்டிக்கொடுத்தார். எழுபத்தெட்டு வயது அத்தை பத்து வருஷமாக, போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "நான் இந்த மாசம் தாண்ட மாட்டேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஓமலூர் ஒன்பது மைல். சாமியார் அடுத்த பூசையையும் முடித்துப் பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பினால், சைக்கிளில் போக ஒன்றேகால் மணி நேரம், எதிர்காற்றில் திரும்ப ஒன்றரை மணி நேரம். நடுவில் அத்தையின் பேச்சு மூன்று மணி நேரம். ஆறரைக்குக் குறையாது.

பகல் ஒரு மணிக்குச் சவரிராயன் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடிவந்தான்.

"அக்கா, சாமியாரு அவஸ்தை கொடுக்க ஓமலூரு போயிட்டாராம்! அவரு திரும்பி வந்தப்புறம்தான் ஞானஸ்நானமாம்!"

"அடடா!" என்றார் லாசர். குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்கச் செருமினார்.

"உங்க அத்தைக்குத்தான் மச்சான் முடியலையாம்!"

இந்தப் பகுதியை லாசர் யோசித்திருக்கவில்லை. இன்னாசிமேரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பெத்த புள்ளையாட்டம் உங்களை வளத்துனவுங்க! என்ன பாத்துட்டு நிக்கறீங்க? கெளம்புங்க, நானும் வாரேன்!"

"நீ எதுக்குப் புள்ள? பச்சைப் பிள்ளைக்காரி, உன்ற தம்பி பொண்டாட்டியைப் பாத்துக்க ஆளு வேணும். நான் மட்டும் பஸ்ஸுல போயிட்டு, சாமி வாரப்ப நானும் வந்தர்றேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தைக்கென்று ஒரு புட்டியில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். லாசர் கஞ்சிப் புட்டியோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து, தெரு திரும்பியதும் மைதானத்தைப் பார்த்து ஓட்டம் பிடித்தார்.

மைதானத்தில் எள் போட இடமில்லை. மரத்தின் மேல் ஆட்கள், லாரியின் மேல் ஆட்கள், மாட்டு வண்டியில் குடும்பம் குடும்பமாக ஆட்கள். பதினேழு வருஷமாக லாசரோடு சேர்ந்து தோற்றுவரும் தறிக்காரர் வெள்ளியங்கிரி அவருக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

நாலரை ஆனது. இரண்டு அணியும் இறங்கிவிட்டன. ஆட்டம் மட்டும் ஆரம்பிக்கவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"கோயமுத்தூரு ரெப்ரீக்குக் காய்ச்சலாம். காலையில வேற ஆளைப் போட்டிருக்காங்க. ஆரோ புதுசு, நல்லா சட்டம் தெரிஞ்ச ஆளாம். அவரைத்தான் இன்னும் காணோம். இந்தப் பக்கம் கொடி பிடிக்கற ஆளையும் காணோம்."

"பொறுப்பு வேண்டாம்?" என்று லாசர் கொதித்தார். "ஊரே காத்துக் கெடக்குது! எங்க போயித் தொலைஞ்சான் அந்த ஆளு?"

ஐந்து மணி வரை பார்த்தார்கள். இருட்டிவிடும் என்று கமிட்டியார் பயந்து, கூட்டத்தில் சட்டம் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். ஒருவர் கையைத் தூக்கினார். அருணகிரி என்று ஒரு டிரில் மாஸ்டர். ஊர், ஓமலூர். கொடி பிடிக்கவும் அவரே தன் மச்சினனைக் கூட்டிவந்தார்.

விசில் ஒலித்தது.

முதல் பாதியிலேயே நாச்சிமுத்து மூன்று பேரைத் தாண்டிக் கொண்டுபோய் வலைக்குள் அடித்தான். லாசர் துள்ளிய துள்ளலில் கஞ்சிப் புட்டி வெள்ளியங்கிரியின் தலையில் கவிழ்ந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம்! ஐம்பது நிமிஷம் அப்படியே நின்றது. கோப்பை மேசை மேல் வெயிலில் பளபளத்தது.

கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் அருணகிரி மாஸ்டருக்குப் பிறந்த ஊர் ஞாபகம் வந்தது. யுனைடெட் ஆள் நெஞ்சில் வாங்கிய பந்தைக் கையால் தொட்டான் என்று பெனால்ட்டி கொடுத்தார். ஒன்றுக்கு ஒன்று. நாச்சிமுத்து மறுபடியும் ஒரு கோல் போட்டான். மச்சினன் கொடியைத் தூக்கினான், ஆஃப்சைடு! பிறகு மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஓமலூர் இரண்டாவது கோல் போட்டதும் நேரம் முடிந்துவிட்டது என்று விசில் ஊதினார்.

லாசர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளியங்கிரி கஞ்சி வடிய வடிய அழுதார்.

"சொன்ன நேரத்துக்கு அந்தப் புது ரெப்ரீ வந்திருந்தா கோப்பை நம்முளுதுங்க!"

"அவனை வரவிடாமப் பண்ணது எவனோ, அவன் நல்லா இருப்பானா?" என்று லாசர் வானத்தைப் பார்த்துச் சொன்னார். சொன்னது மனசாரத்தான்.

கோயிலுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது விளக்கேற்றிவிட்டார்கள். உறவுக்கூட்டம் முழுக்க அங்கே இருந்தது. இன்னாசிமேரி பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.

"அத்தைக்கு எப்படி இருக்குதுங்க?"

"மூச்சு மட்டும் இருக்குது" என்றார் லாசர். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் நம்பாமல் இருக்க முடியாது.

அப்போதுதான் சாமியார் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு, புழுதியும் வேர்வையுமாக உள்ளே வந்தார். அவசரமாக எடுத்து மாட்டிக்கொண்ட பூசைத் துணிக்கு மேலே, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில் தொங்கியது. லாசர் அதையே பார்த்தார்.

"பசாசை விட்டுவிடுகிறாயா?" பிள்ளைக்குப் பதிலாக ஞானத்தகப்பன்தான் சொல்ல வேண்டும்.

"விட்டுவிடுகிறேன்."

"அதன் கிரியைகளை எல்லாம்?"

விசில் இடமும் வலமும் ஆடியது. "விட்டு... விட்டுவிடுகிறேன்" என்றார் லாசர்.

சடங்கு முடிந்ததும் சாமியார் எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாமதத்துக்கு மன்னிச்சுடுங்க. ஓமலூர்ப் பாட்டிக்கு ஒண்ணுமே இல்லை. வாசல்ல உட்கார்ந்து முறுக்குச் சுட்டுக்கிட்டிருந்தாங்க. வந்ததுதான் வந்தீங்கன்னு சொல்லி, அறுபது வருஷப் பாவத்தையும் முதல்லேருந்து ஒண்ணுவிடாம எங்கிட்டச் சொல்லி முடிச்சாங்க. நாலரைக்குப் பந்தாட்டத்துல நடுவரா நிக்கறேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன். அதுவும் போச்சு."

இன்னாசிமேரி மெதுவாகத் திரும்பி, மூச்சு மட்டும் இருந்த அத்தையைப் பார்த்துவிட்டு வந்த கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் வேட்டி முழுக்க மைதானத்துச் செம்மண். லாசர் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இந்த நேரத்தில் அவரை அடியிலிருந்து காப்பாற்றக்கூடியது அது ஒன்றுதான்.

உபதேசியார் சவரியார் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தார். உள்ளே ஒரு சிவப்புக் கொடி.

"காலையில சொல்ல வந்தேன், நீங்கதான் காதுலயே வாங்கலீங்க. ஞானஸ்நானம் முடிஞ்ச கையோட உங்களைச் சைக்கிள் பின்னால ஏத்திக்கிட்டுப் போயி, லைன்ல கொடி பிடிக்க நிறுத்தறேன்னு சாமி சொல்லியிருந்தாருங்க. சாமியே கூப்பிட்டா ஊட்டுல அக்கா வேண்டாம்னா சொல்லப்போகுது?"