மாமியாருக்கு ஒரு வேட்டு

மாமியாரை இந்தக் குளிர்காலம் வீட்டுப் படியேற விடுவதில்லை என்று யூரியான் முடிவு செய்துவிட்டார். கடற்கொள்ளையர்களையே கப்பலில் ஏறவிடாத மனிதர். ஒரு மாமியார் எந்த மூலைக்கு?

ஹோர்ன் துறைமுகத்தில் அவர் ஓய்வுபெற்ற பீரங்கிக்காரர். உடனே பெரிதாகக் கற்பனை செய்துவிட வேண்டாம். கப்பலையே உடைக்கிற பெரிய பீரங்கிகள் எல்லாம் கீழ்த்தட்டில் இருக்கும். யூரியான் காலமெல்லாம் கட்டிக்கொண்டு அழுதது, கப்பலின் விளிம்புக் கட்டையில் குத்தி நிற்கும் குட்டிச் சுழல் பீரங்கியை. எவனாவது பக்கத்தில் வந்து ஏறப் பார்த்தால், அவன் பக்கம் திருப்பி, முகத்துக்கு நேரே வெடிக்க வேண்டியது. கப்பலை உடைத்து விற்றபோது அதைத் தூக்கி வந்து மாடி ஜன்னலில் பொருத்தியிருந்தார்.

மாமியார் அலேய்ட் அம்மாள் குளிர் தொடங்கியதும் படகில் வந்து இறங்குவார். அப்புறம் கணப்புக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. புகை ஆகாது அவருக்கு. அதனால் யூரியானும் அவர் புகைக்கும் சுங்கானும் வாசலில், கொட்டும் பனியில். ஆனால் அந்த அம்மாள் இடிச் சத்தம் கேட்டால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். அங்கேதான் திட்டம் பிறந்தது.

ஒரே சிக்கல். அந்தப் பீரங்கிக்கு வெடிமருந்தைத் தனியாக ஓர் இரும்புக் குவளையில் அடைத்து, பின்பக்கம் செருக வேண்டும். பார்த்தால் கைப்பிடி வைத்த பீர்க் குவளை மாதிரியே இருக்கும். இருந்த மூன்றையும் மனைவி ஹில்லே சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"ஹில்லே, என் குவளைல ஒண்ணு குடு."

"அதுல மோர் இருக்கு. எதுக்கு?"

"உங்கம்மா வர்றாங்கல்ல? ஒரு வேட்டுப் போட்டு மரியாதை பண்ணலாம்னு."

ஹில்லே அரிந்துகொண்டிருந்த மீனைக் கீழே வைத்தாள். "நீங்களா? எங்கம்மாவுக்கா?"

"ஏன், பண்ணக் கூடாதா?"

"நாக்கை நீட்டுங்க, பாப்போம். காய்ச்சல் கீய்ச்சல் இருக்கப் போகுது."

"மரியாதை பண்றேன்னாக்கூட நம்ப மாட்டியாடி?"

"நம்பறேன், நம்பறேன். ஏங்க, ரெண்டு கப்பல் எதிரும் புதிருமா வந்தா யாரு முதல்ல வேட்டுப் போடணும்?"

தொழில் பேச்சு என்றால் யூரியானுக்கு நெஞ்சு தானாக நிமிரும். "இதுகூடத் தெரியாதா? சின்னக் கப்பல்தான் முதல்ல போட்டுப் பணியணும். பெரிய கப்பல் பேசாம நிக்கும்."

"ஓஹோ" என்றாள் ஹில்லே. மோரை மடமடவென்று குடித்து, குவளையைக் கழுவி, துடைத்தும் கொடுத்தாள்.

அந்த இடத்திலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து மாமியாரின் படகு கால்வாய் வளைவில் தெரிந்தது. யூரியான் கொலைகாரர் இல்லை; குண்டு போடவில்லை. மருந்தை அடைத்து, குழாயில் மாமியார் போன வருஷம் விட்டுப்போன காலுறையைத் திணித்தார். திரியை வைத்தார்.

டமார்! ஜன்னல் கண்ணாடி அத்தனையும் உதிர்ந்தது. கரையில் நின்ற வாத்துகள் கூட்டமாகத் தண்ணீரில் குதித்தன. புகை விலகியது. அவர் நினைத்தபடி படகு பயந்து வந்த வழியே திரும்பிப் போகவில்லை. அதன் முனையில் காதில் பஞ்சோடு அலேய்ட் அம்மாள், ஆனந்தக் கண்ணீர் வடியக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டிருந்தார். கரை முழுக்க ஜனம். தொப்பிகள் பறந்தன.

"நீ நல்லா இருக்கணும்யா!" என்று கத்தினார் எதிர்வீட்டு ரொட்டிக்காரர் ரெம்பௌட். "மாமியாரை இப்படித் தாங்கற மருமகன் எங்கேய்யா இருக்கான்?"

"உங்களை எல்லாம் யாருய்யா கூப்பிட்டது?"

"உன் பொண்டாட்டிதான். முன்னால போன படகுல அவங்கம்மாவுக்குப் பஞ்சுகூடக் குடுத்து அனுப்பினாளே!"

மாமியார் வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "மாப்பிள்ளே! பனி விட்டதும் கிளம்பிடலாம்னுதான் வந்தேன். இவ்வளவு மரியாதை பண்ற வீட்டை விட்டு இனிமே எங்கே போவேன்? என் வீட்டை விக்கச் சொல்லிடறேன்." சொல்லிவிட்டு நேரே கணப்புப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

யூரியான் சுங்கானோடு வாசலுக்குப் போனார். பனி கொட்டியது. கொஞ்ச நேரத்தில் ஹில்லே கதவைத் திறந்து அதே குவளையை நீட்டினாள். சூடான பீர்! பாவம், அவளுக்கும் மனசாட்சி இருக்கிறது என்று இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

காலி.

"ஞாயித்துக்கிழமை அம்மா சர்ச்சுக்குக் கிளம்புவாங்க" என்றாள் ஹில்லே. "சின்னக் கப்பல் தயாரா இருக்கணும்."