ராகுகாலத்தில் வற்றிய கடல்

லண்டன் தமிழர்களில் கடலுக்குச் சற்றும் பயப்படாத ஒரே மனிதர் எங்கள் கப்டன்தான். கடலைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கு மட்டும் கிடைக்கும் தைரியம் அது. அவருக்குத் தாராளமாகவே கிடைத்திருந்தது.

கப்டன் என்றதும் கப்பலை நினைத்துவிடாதீர்கள். முப்பது வருடம் லண்டனில் சிவப்பு பஸ் ஓட்டியவர். குட்மேய்ஸில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. ஒருமுறை பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போன இடத்தில், ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்தில் தொங்கிய நங்கூரம் போட்ட வெள்ளைத் தொப்பி ஒன்றை வாங்கித் தலையில் வைத்தார். அன்றைக்கு ஏறிய தொப்பி பிறகு இறங்கவில்லை. கலியாண வீடு, செத்த வீடு, கவுன்சில் கந்தோர் எல்லாவற்றுக்கும் அதோடுதான் வருவார். பெற்றோர் வைத்த பெயரை அவருடைய பாஸ்போர்ட் மட்டுமே ஞாபகம் வைத்திருந்தது.

நேரம் என்றால் அவருக்கு உயிர். எட்டுப் பன்னிரண்டுக்கு எடுக்கவேண்டிய பஸ்ஸை எட்டுப் பன்னிரண்டுக்கு எடுப்பார். கையைக் காட்டிக்கொண்டு ஓடி வருகிறவர் சொந்த மச்சானாக இருந்தாலும், கண்ணாடியில் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு மழை நாளில் அப்படிப் பின்னால் ஓடியவர்களில் நானும் ஒருவன். அடுத்த நாள் கேட்டபோது, "தம்பி, நீர் வடிவாத்தான் ஓடினீர். ஆனா ஒரு நிமிசம் பிந்தி ஓடினீர்" என்றார்.

இத்தனை ஒழுங்கான மனிதருக்கு உள்ளுக்குள் ஒரே ஒரு மனக்குறை இருந்தது.

"தம்பி, முப்பது வருசமா ராகுகாலத்திலயும் எமகண்டத்திலயும் பஸ் எடுத்தனான். கொம்பனிக்காரன் பஞ்சாங்கம் பாக்கிறேல்லை. ரிட்டயர் பண்ணினாப் பிறகு ஒரு நாளெண்டாலும் கெட்ட நேரத்தில வெளிக்கிடமாட்டன். இனி என்ரை வண்டி, என்ரை நேரம்."

ரிட்டயர் பண்ணினார். வண்டியும் வாங்கினார். அந்த வண்டி தண்ணீரில் ஓடுவது என்பதை அவர் மனைவிக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார்.

மனைவியை எல்லோரும் ரீச்சர் என்போம். கப்டனும் அப்படித்தான் கூப்பிடுவார். யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பித்தவர். இன்னமும் யாராவது கூட்டலில் பிழைவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து எங்கள் தெருவில் வயதைக்கூட ஒருவரும் குறைத்துச் சொல்வதில்லை.

படகு எசெக்ஸ் கரையில் ஓர் ஓடைக்குள் கிடந்தது. இரண்டு பேர் படுக்கக்கூடிய சின்ன அறை, ஒரு அடுப்பு, ஒரு பழைய எஞ்சின். அதை விற்ற வெள்ளைக்காரக் கிழவர் அழுதாராம். பிரிவுத் துயரம் என்று கப்டன் விளங்கிக்கொண்டார். ஆனந்தக் கண்ணீராகவும் இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. படகை அங்கிருந்து கரையோரமாகவே, ஓடைகளுக்குள்ளாலும் ஆற்று வாய்களுக்குள்ளாலும் தெற்கே கொண்டுவந்து, தேம்ஸில் ஏறி, லண்டனில் டகன்ஹாமுக்குப் பக்கத்து ஓடையில் கட்டவேண்டும். கோடை முழுவதும் கப்டன் படகு ஓட்டப் பழகினார். தண்ணீரில் நட்டிருக்கும் ஒவ்வொரு கம்பத்துக்கும் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, யாராவது ஏறுகிறார்களா என்று பார்க்கிறார் என்று படிப்பித்தவர் முறைப்பட்டாராம். எப்படியோ சான்றிதழ் கிடைத்தது. கிடைக்கும்போது ஐப்பசி பிறந்துவிட்டது.

ஐப்பசியில்தான் சிக்கல். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் ரீச்சர் ஆர்ச்வே முருகன் கோயிலில் நின்று விரதம் பிடிப்பவர். இருபத்தேழு வருடம் ஒரு நாள் பிசகவில்லை. என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு கப்டனிடம் சொன்னார்:

"நானும் வாறன். ஆனா வெள்ளிக்கிழமை காலமை விரதம் தொடங்கேக்க நான் கோயில்ல நிக்கவேணும். உந்தப் படகால நான் ஒரு நாள் பிந்தினாலும் போட்டை வித்துப்போடவேணும். சம்மதமோ?"

"ரீச்சர், நான் எப்பவாவது பிந்தினனானே?" என்றார் கப்டன். செவ்வாய் புறப்பாடு, வியாழன் லண்டன். சத்தியம் செய்து தொப்பியையும் தொட்டுக் கும்பிட்டார்.

எனக்கும் ஒரு உத்தியோகம் கிடைத்தது. கரைப் பொறுப்பாளர். அதாவது கரையோரமாகக் காரில் போய், அவர்கள் கட்டுகிற இடமெல்லாம் சோத்துப் பார்சலோடு நிற்கவேண்டும். கார் வைத்திருப்பவனுக்கு நண்பர்கள் கொடுக்கும் பதவிகள் இப்படித்தான் இருக்கும்.

செவ்வாய் காலை ஓடைக்கரையில் பூசை. கார் வாங்கினால் நாலு சில்லுக்குக் கீழே நாலு தேசிக்காய் வைத்து நசிப்போம் அல்லவா? படகுக்குச் சில்லு இல்லை என்பதை கப்டன் அங்கே வந்துதான் கவனித்தார். யோசித்தார். நாலு தேசிக்காயையும் படகுக்கு முன்னால் தண்ணீரில் போட்டார். படகு மெல்ல முன்னால் போனது. தேசிக்காய்களும் மெல்ல முன்னால் போயின. படகு விரைந்தது, அவையும் விரைந்தன. ஒன்றுகூட நசியவில்லை. கடைசியில் நாலும் ஓடையின் திருப்பத்தில் மறைந்து, எங்களுக்கு முன்னமே லண்டனுக்குப் புறப்பட்டுவிட்டன.

படகுக்குள் இன்னொரு விசேஷம் இருந்தது. உடைக்கப்போன ஒரு பழைய பஸ்ஸிலிருந்து கப்டன் வாங்கிவந்த பெல். அந்தக் காலத்துக் கண்டக்டர் முறைப்படி, ஒரு தரம் அடித்தால் நிறுத்தவேண்டும், இரண்டு தரம் அடித்தால் எடுக்கவேண்டும். அதற்குப் பொறுப்பு ரீச்சர். பெல்லுக்குப் பக்கத்தில் குட்மேய்ஸ் பலசரக்குக் கடை கொடுத்த தமிழ்க் கலண்டர் தொங்கியது. கடல் பெருகும், வற்றும் நேரம் போட்ட புத்தகம் ரீச்சரின் மடியில் இருந்தது. இரண்டு பேரும் ஒரே படகில் இரண்டு அட்டவணைப்படி பயணம் செய்தார்கள்.

முதல் நாள் குறையில்லை. புதன்கிழமைதான் முக்கியமான நாள். ஒடுங்கிய ஓடை ஒன்றைத் தாண்டித் தேம்ஸ் முகத்துவாரத்துக்குள் இறங்கவேண்டும். அந்தப் பக்கத்துக் கடல் ஆறு மணித்தியாலம் பெருகும், ஆறு மணித்தியாலம் வற்றும். அதுவும் அமாவாசையை ஒட்டிய நாட்களில் வற்றினால் ஓடையில் தண்ணீரே இருக்காது, வெறும் சேறு. தண்ணீர் நிறைந்து நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் தாண்டியாகவேண்டும். அன்றைக்கு அது நண்பகல் பன்னிரண்டரை.

நான் கரையில் நின்றேன். சரியாகப் பன்னிரண்டரைக்குப் பெல் இரண்டு தரம் அடித்தது. படகு அசையவில்லை.

"தண்ணி நிறைஞ்சிட்டுது. எடுங்கோ" என்றார் ரீச்சர்.

"இண்டைக்குப் புதன். பன்னிரண்டில இருந்து ஒண்டரை மட்டும் ராகுகாலம்" என்றார் கப்டன்.

ரீச்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "இஞ்சருங்கோ, சமர் டைம் இன்னும் முடியேல்லை. மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நிக்குது. அதைக் கூட்டிப் பாருங்கோ. ராகுகாலம் ஒரு மணிக்குத் தொடங்கி ரெண்டரைக்கு முடியுது. இப்ப நல்ல நேரம். எடுங்கோ."

கப்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நீண்ட யோசனை. பிறகு முகம் மலர்ந்தது.

"ரீச்சர், நீர் சொல்லுறதும் சரி. கலண்டர் சொல்லுறதும் சரி. அப்ப பன்னிரண்டில இருந்து ரெண்டரை மட்டும் எடுக்கேலாது."

பெல் மீண்டும் இரண்டு தரம் அடித்தது. பிறகு பல தரம் அடித்தது. நான் கரையிலிருந்து கத்தினேன்: "அண்ணை, தண்ணி போகுது!"

"போகட்டும் தம்பி. அதுக்கு ராகுகாலம் இல்லை" என்று பதில் வந்தது.

இரண்டரைக்கு ஒரு விநாடி முன்னும் இல்லை, பின்னும் இல்லை, கப்டன் எஞ்சினை முடுக்கினார். அப்போது படகைச் சுற்றி வாத்துகள் நடந்து திரிந்தன. எஞ்சின் சேற்றை வாரி அவற்றின் மேல் இறைத்தது. கயிற்றையும் பஸ் நிறுத்துவதுபோல் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி விட்டிருந்ததால், படகு துறையை விட்டு விலகி, முப்பது அடி தள்ளிச் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அடுத்த பகல் பெருக்கு வியாழன் ஒரு மணிக்கு. அதில் புறப்பட்டால் வெள்ளிக் காலைக்குள் லண்டன் வராது. இதைக் கணக்குத் தெரியாத நானே போட்டுவிட்டேன்.

வியாழன் காலை கப்டன் போன் எடுத்தார். கட்டளைக் குரல் இல்லை.

"தம்பி, ரீச்சரை வந்து ஏத்திக்கொண்டு போம். அவவின்ரை விரதம் என்னால பிசகக்கூடாது."

போனேன். சேற்றின் மேல் ரீச்சர் நடப்பதற்காக, கப்டன் படகின் அலுமாரிக் கதவுகளைக் கழற்றி வைத்திருந்தார். இருந்தது மூன்றே கதவு. ரீச்சர் முன் கதவில் கால் வைத்ததும் பின் கதவைப் பிடுங்கி ஓடிப்போய் முன்னால் போடுவார். முப்பது அடிக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. கப்டனின் ஒரு சப்பாத்தைச் சேறு விழுங்கியது. ரீச்சரின் சேலையில் ஒரு துளி படவில்லை. கரைக்கு வந்ததும் கப்டன் இடுப்புவரை சேற்றோடு நின்று எனக்குச் சல்யூட் அடித்தார்.

என் கார் எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் நேரம் அது. ரீச்சர் கோயிலில் நிற்பார், விரதம் பிசகாது, போட்டையும் விற்கத் தேவையில்லை. அவர் காருக்குள் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிக் கேட்டார்:

"ஒரு மணிக்குத் தண்ணி வரும். எடுப்பியள்தானே?"

கப்டன் நிலத்தைப் பார்த்தார். "இண்டைக்கு வியாழன். தெற்கே சூலமெல்லோ."

வியாழக்கிழமை தெற்குப் பக்கம் பயணம் ஆகாது என்பது கலண்டரின் கட்டளை. படகு போகவேண்டியதோ தெற்கே. ரீச்சர் காருக்குள் வைத்த காலை வெளியே எடுத்தார்.

"தம்பி, நீர் போம்."

"ரீச்சர், விரதம்? இருபத்தேழு வருசம்!"

"இந்த மனிசனுக்கு நீந்தத் தெரியாது. கூட்டல் தெரியாது. இவரைச் சேத்துக்குள்ள விட்டிட்டு நான் முருகனிட்டப் போய் என்னத்தைக் கேக்கிறது? இவரைக் காப்பாத்து எண்டுதானே கேக்கப்போறன். அதை இஞ்ச நிண்டே செய்யலாம்."

கப்டன் குனிந்து, முதல் கதவைத் திரும்பவும் சேற்றில் போட்டார்.

ஒரு மணிக்குத் தண்ணீர் வந்தது. படகு நிமிர்ந்தது. ரீச்சர் கலண்டரைக் கவனமாகப் படித்தார். தெற்கே சூலத்துக்குப் பரிகாரம் தைலம் என்று அதிலேயே போட்டிருந்தது. தோசைக்கென்று கொண்டுவந்த நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்தார். கப்டனின் தொப்பியைக் கழற்றினார். அந்த மொட்டைத் தலையில் ஒரு கை எண்ணெயை வைத்து நன்றாகத் தேய்த்தார். தொப்பியைத் திரும்ப வைத்துவிட்டுப் பெல்லை இரண்டு தரம் அடித்தார்.

படகு புறப்பட்டது. ஓடை வாயிலில் திரும்பி மறையும்வரை கப்டன் ஒரு தரம்கூடக் கலண்டர் பக்கம் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் டகன்ஹாம் வந்து சேர்ந்தார்கள். விரதத்தை ரீச்சர் படகிலேயே தொடங்கியிருந்தார். மிச்ச நாட்களுக்கு நான் ஆர்ச்வேக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சொன்ன சொல் தவறாத கப்டனோ வந்த அன்றே படகில் 'விற்பனைக்கு' என்று பலகை எழுதித் தொங்கவிட்டார்.

அந்தப் பலகை தொங்கத் தொடங்கி இது நாலாவது வருடம். வாங்க வருகிறவர்களுக்குப் படகைக் காட்டுவது ரீச்சரின் வேலை. எஞ்சின் இருமும், கூரை ஒழுகும், அடுப்பு புகையும் என்று அவர் ஒவ்வொன்றாக, நேர்மையாக, இல்லாத குறைகளையும் சேர்த்துச் சொல்லுவார். கணக்கு ரீச்சர் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? விற்கிற சாமான் ஓடுகிற நிலையில் இருக்கவேண்டும் என்ற சாட்டில், வருடாவருடம் விரதத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக எசெக்ஸ் வரை போய், இரண்டு பேரும் தெற்கே திரும்பி வருகிறார்கள். நானும் சோத்துப் பார்சலோடு கரையில் நின்று புறுபுறுக்கிறேன்.

போன மாதம் அவர்கள் இரண்டு பேரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம் ஒரு இளம் வெள்ளைக்காரன் படகு பார்க்க வந்தான். படகின் திறப்பு என்னிடம் இருந்தது, பூட்டைத் திறந்துவிட்டேன். எல்லாவற்றையும் தடவிப் பார்த்தான். நல்ல படகு, நாளைக்கே எடுக்கிறேன் என்றான். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, புதன்கிழமைகளில் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை இந்தப் படகு ஓடாது என்றும், வியாழக்கிழமை தெற்கே போகாது என்றும், போகவேண்டுமென்றால் நல்லெண்ணெய் வேண்டும் என்றும் சொன்னேன். அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

கப்டன் வந்து, யாராவது வந்தார்களா என்று கேட்டார். ஒருவரும் வரவில்லை என்றேன். ஐப்பசியில் கரையில் நின்று அந்தப் பெல் இரண்டு தரம் அடிப்பதைக் கேட்காவிட்டால் எனக்கு அந்த வருடம் போன மாதிரியே இருக்காது.