ஊரடங்குக்குப் பயந்த பேய்

கட்டுகஸ்தோட்டையில் சில்லறைக் கடை வைத்திருக்கும் சுந்தரலிங்கத்தின் வீட்டில் பேய் கல்லெறிகிறதாம். கேள்விப்பட்டுக் கம்பளையிலிருந்துகூட பஸ் பிடித்து வந்தார்கள். வேலியோரத்தில் கச்சான் கடலை விற்றவருக்கு நல்ல வியாபாரம். பேயால் பிழைத்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

பேயோட்டும் ஹுன்னஸ்கிரியச் சாமியார் இருந்தாரே! மாலையில் தகரக் கூரையில் கல் விழுந்தால், யாரும் சொல்லி அனுப்பாமலே கொஞ்ச நேரத்தில் வாசலில் நிற்பார். ஞான திருஷ்டியாம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"இங்க கெட்டது குடியிருக்கு. நீங்க வீட்டை விட்டுப் போயிடுங்க. நான் மட்டும் தங்கிப் பூசை பண்றேன்" என்றார் சாமி.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எரிந்த வீடு அது. சுந்தரலிங்கமும் மனைவி இராஜகுமாரியும் சிறுகச் சிறுகச் சேர்த்து மறுபடி கூரை போட்டார்கள். கலவரக்காரர்களால் விரட்ட முடியாதவர்களைப் பேய் விரட்டப் பார்த்தது. சுந்தரலிங்கம் அலுமாரியைக் காலி செய்யத் தொடங்கினான்.

அந்த நேரம் பார்த்து ஊரடங்கு போட்டார்கள். வீதியெல்லாம் துப்பாக்கியோடு ஆமி. கல் விழவில்லை, சாமியும் வரவில்லை. ஊரடங்கை எடுத்த அன்று மாலையே கல்லும் விழுந்தது, சாமியும் வந்தார்.

"ஏங்க, பேய்க்கு ஆமிக்காரன்னா பயமா?" என்று கேட்டாள் இராஜகுமாரி.

"சும்மா இரு. சாமி காதுல விழுந்துறப் போகுது."

அவள் சும்மா இருக்கவில்லை. விழுந்த கல்லெல்லாம் பின்வீதியில் ரோடு போடக் குவித்திருந்த சல்லிக்கல் என்பதைப் பார்த்துவைத்திருந்தாள். மறுநாள் மத்தியானம் காரமான கொச்சிக்காய் மிளகாயை அம்மியில் அரைத்துக் கரைத்து, அந்தக் குவியல்மேல் தாராளமாக ஊற்றிவிட்டு வந்தாள்.

மாலையில் கல் விழுந்தது. சாமி வந்தார். மடியிலிருந்து விபூதியை எடுத்து நெற்றியிலும் கண்ணிமையிலும் இழுத்துப் பூசி மந்திரம் தொடங்கினார். பாதி மந்திரத்தில் குதிக்க ஆரம்பித்தார்.

"அருள் வந்துருச்சு" என்று கூட்டம் கும்பிட்டது.

"தண்ணி, தண்ணி" என்றது அருள்.

இராஜகுமாரி கூரையிலிருந்து உருண்ட கல்லைக் கச்சான்காரரிடம் நீட்டினாள். "இதை மோந்து பாருங்க. அப்புறம் சாமி கையையும் மோந்து பாருங்க."

அவர் கல்லை மோந்து தும்மினார். சாமியின் கையை மோந்தும் தும்மினார். "ரெண்டும் ஒரே கொச்சிக்கா" என்றார்.

சாமி கண்ணைத் திறக்காமலே ஓட்டம் பிடித்தார். சுந்தரலிங்கம் அசடு வழிய, துணிமணிகளைத் திரும்ப அலுமாரியில் அடுக்கினான்.

கலைந்துபோன கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "அப்ப உண்மையான பேய் எங்க போயிருக்கும்?"

ஊரடங்கு நாளில் பேய் ஏன் வரவில்லை என்று இவர்கள் கொஞ்சம் யோசித்திருந்தால், இராஜகுமாரிக்கு ஒரு கைப்பிடி கொச்சிக்காயாவது மிச்சமாகியிருக்கும்.