அன்றே சொன்ன சாமிக்கண்ணு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கரிக்கலாம்பாக்கத்தில் பஸ் திரும்ப இடமில்லை. காலஞானி சாமிக்கண்ணு சித்தர் மேடையில் எழுந்தருளியிருந்தார். பக்கத்தில் மைக்கோடு கலைவேந்தன். 'மின்னல் 24' செய்தி சேனலுக்கு ஆசிரியர், நிருபர், கேமராமேன் எல்லாம் அவனே. சுத்துக்கேணியில் குடிநீர்க் குழாய் உடைந்ததைச் செய்தியாகப் போட்டான். பதினேழு பேர் பார்த்தார்கள். சித்தரைப் போட்டான்; இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அன்றோடு குழாய்களை விட்டுவிட்டான்.

சித்தரின் மகிமை லேசுப்பட்டதல்ல. விழுப்புரம் சாலையில் டிப்பர் கவிழும் என்றார்; கவிழ்ந்தது. பெரிய மனிதர் ஒருவர் கட்சி மாறுவார் என்றார், மாறினார். இதற்கெல்லாம் ஞானதிருஷ்டி எதற்கு என்று கேட்டால் நாம் நாத்திகர்கள். சம்பவம் நடந்த மறுநாள், ஒரு மாதம் முன்பே சித்தர் பேசிய வீடியோவை மின்னல் 24 காட்டும். தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'அன்றே சொன்னார்!' பின்னணியில் இடிமுழக்கம். தேதி பொய் சொல்லுமா?

இப்போதைய அருள்வாக்கு: கார்த்திகையில் ஏரி உடையும், தென்பக்கத்து நிலமெல்லாம் மண்மூடிப் போகும். செல்வகுமாரியின் ஒரு காணி நெல்வயல் தென்பக்கத்தில்தான் இருந்தது. திருபுவனை கம்பெனியில் பதினோரு வருஷம் கால்கடுக்க நின்று வாங்கியது. உழைப்பு அவளுடையது, பத்திரம் புருஷன் அரங்கநாதன் பெயரில். திங்கட்கிழமை அவன் அதை விற்கப் போகிறான். வாங்குகிறவர் சித்தரின் மச்சான். மூழ்கப்போகிற நிலம் மச்சானுக்கு எதற்கு? ஊர்மேல் இரக்கமாம்.

 கம்பெனியில் அவள் வேலை பாக்கெட்டுகளின் தேதியைச் சரிபார்ப்பது. தேதி அச்சாகியிருக்கிறது என்பதற்காக மட்டும் பாக்கெட்டை விட்டுவிடமாட்டாள். தேதியை அடிக்கும்போது கூட நின்று பார்த்தது யார் என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவாள். கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்றாள்.

"சாமி, டிப்பர் கவுந்துடும்னு நீங்க பேசுன வீடியோவுல ஒரு மாசம் முந்தின தேதி போட்டிருக்கு. சரி. இங்க எல்லாருமே போனும் கையுமாத்தான் கெடக்குறோம். டிப்பர் கவுறதுக்கு முன்ன அந்த வீடியோவ பாத்தவங்க கை தூக்குங்க."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. முன்வரிசையில் இருந்த அம்சவள்ளி மட்டும் கையைப் பாதிவரை தூக்கினாள். பிறகு அந்தக் கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒருத்தரும் பாக்கலன்னா அது மாசம் முச்சூடும் எங்க இருந்துச்சு?"

"நெட்வொர்க் ப்ராப்ளம்கா," என்றான் கலைவேந்தன்.

"நீ நியூஸ்காரன்தான? நீ கேட்டியா இத?"

"அதெல்லாம் கேட்டா நியூஸ யாருக்கா பாப்பாங்க?"

இந்த ஒரு பதிலில் மட்டும் அவன் பொய் சொல்லவில்லை.

அவனுடைய போன் மேடையின் பெரிய திரையோடு இணைந்திருந்தது. "உனக்கு மட்டும் தெரியறாப்ல சேனல்ல வீடியோவெல்லாம் பூட்டி வெச்சிருக்கியே, அத தொற," என்றாள். அவன் போனைப் பைக்குள் போடப் பார்த்தான். அரங்கநாதன் மேடையேறி அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"தொறப்பா. நாளைக்கி நான் நெலத்த எழுதிக் குடுக்கணும்."

திறந்தான். திரையில் வரிசையாகச் சித்தரின் வீடியோக்கள்: 'பஸ் கவிழும்.' 'டிராக்டர் கவிழும்.' 'எதுவும் கவிழாது.' 'கார்த்திகையில் ஏரி உடையாது, கவலை வேண்டாம்.' எல்லாம் ஒரே தேதி, ஒரே காவி வேட்டி. எல்லாவற்றையும் பேசிப் பூட்டி வைப்பது. எது பலித்ததோ அதை மட்டும் திறந்துவிடுவது. இவ்வளவுதான் காலஞானம். சித்தரைத் தேடினால், மச்சானின் கார் முக்கூட்டுச் சாலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அரங்கநாதன் போனை நீட்டினான். "பாருடி, மின்னல் 24ல! 'போலிச் சித்தர்: அன்றே எச்சரித்தோம்!' போன மாசமே போட்டிருக்கான். பையன் கில்லாடிதான்."

செல்வகுமாரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பதாயிரம் பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். நாற்பதாயிரத்து ஒன்றாவது ஆள் இவன்.

"இன்னாங்க, பத்திர ஆபீசுல இன்னிக்கி டோக்கன் போட்டு வெச்சிருக்கீங்கள்ல, அத வீணாக்க வேணாம். கெளம்புங்க, நெலத்த என் பேருக்கு எழுதுங்க. யோசிக்கிறவங்க பேர்ல இருக்கட்டும்."